கடனுக்குப் பின் வந்த சட்டம்

கொடுத்த கடனைப் பின்னால் வரும் சட்டம் அழிக்கலாமா? அமெரிக்காவில் 1811 மார்ச்சில் கிரவுனின்ஷீல்டு என்பவர் நியூயார்க்கில் இரண்டு புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். ஏப்ரலில் அம்மாநிலம் திவால் சட்டம் கொண்டுவந்தது. அதைக் காட்டிக் கடன் தீர்ந்தது என்றார் அவர். ஸ்டர்ஜஸ் வழக்குத் தொடுத்தார். முன்பே செய்த ஒப்பந்தத்தை மாநிலச் சட்டம் முறிக்க முடியாது என்று 1819-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மார்ஷல் தீர்ப்பளித்தார்.

1827-இல் ஆக்டன் வழக்கில், சட்டத்துக்குப் பின் செய்த ஒப்பந்தமானால் அத்தகைய சட்டம் செல்லும் என்று நால்வர் கூறினர். மார்ஷல் உள்ளிட்ட மூவர் மறுத்தனர்.

இரண்டு தீர்ப்பும் நியாயமே என்பது நம் கருத்து. இருக்கிற விதியை அறிந்து கடனுக்குச் சரக்குப் போட்டால், வரும் நட்டம் நம் பொறுப்பு. போட்ட பிறகு விதியை மாற்றினால், பேரேட்டுக்கு என்ன மதிப்பு?