செம்பனை எண்ணெயும் மூளைக் கட்டியும்

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு மூளையில் புற்றுக் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கதிர்ச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இதற்குள் பிரிக்பீல்ட்ஸ் உறவினர் ஒருவர், "செம்பனை எண்ணெய்ச் சத்து அந்தக் கட்டியைக் கொல்லுமாம், தினம் குடித்தால் போதும், கதிர்ச் சிகிச்சை எதற்கு?" என்றாராம்.

உறவினர் சொன்னது முழுப் பொய்யன்று, அன்பர்களே. நம்மவர் குலை வெட்டிச் சுமந்த அதே செம்பனையின் எண்ணெயில், டோகோட்ரையினால் என்ற வைட்டமின் 'ஈ' வகை நிறைய உண்டு. காஜாங் தாண்டினால் வரும் செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சத்தை மட்டும் மூளைக் கட்டி உயிரணுக்களின்மேல் இட்டுப் பார்த்தார்கள். உயிரணுக்கள் மடிந்தன. 2014-ல் முடிவு அச்சில் வந்தது.

ஆனால் எங்கே மடிந்தன? அதையல்லவா கேட்க வேண்டும்! இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் நடக்கின்றன. அதில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய குழிகள் 96. குழிக்குச் சில ஆயிரம் உயிரணுக்கள், 37 டிகிரி சூடு. மருந்தை இட்டபின் மஞ்சள் சாயம் விடுவது பொதுவான ஒரு முறை. உயிருள்ள அணு சாயத்தை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. ஊதா குறைந்தால் மருந்து வேலை செய்கிறதென்று கணக்கு.

அந்த உயிரணுக்களின் கதையும் விசித்திரம். சுவீடன் நாட்டு உப்சாலாவில் 1960-களில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்தவை என்றே உலகம் நம்பியது. 2016-ல் சோதித்தால், புழக்கத்தில் இருப்பவை அந்த நோயாளியுடையவையே அல்ல! வேறு யாரோ ஒருவரின் மூளைக் கட்டியாம்.

இன்னொன்று. நம் உடலில் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு வேலி உண்டு. பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடாது. தட்டில் அந்த வேலி இல்லை. குடித்த எண்ணெய் கட்டிவரை போய்ச் சேருமா என்பதைத் தட்டு சொல்லாது.

வேலியைத் தாண்டும் மருந்து டெமோசோலமைட். கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டி உள்ள 573 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 2005-ல் வெளியிட்டார்கள். கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதம் தாண்டினார்கள். மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேர் 14.6 மாதம். இவ்வளவுதானா என்பீர்கள். ஆனால் இரண்டு ஆண்டு கடந்தவர்கள், நூற்றுக்குச் சுமார் 10 பேராக இருந்தது 26 பேராயிற்று. இரு சாராருக்குமே கதிர்ச் சிகிச்சை உண்டு என்பதைக் கவனியுங்கள்.

சகோதரியே, குறித்த நாளில் அண்ணனை அழைத்துச் செல்லுங்கள். சமையலில் செம்பனை எண்ணெய் இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது வைட்டமின் மாத்திரை வாங்கித் தந்திருந்தால், டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.