மிகுதித் துணியை வெட்டாதீர்கள்

அண்மையில் கனடாவிலிருந்து வந்த பொதியொன்றில் எனக்கும் இரண்டு சேட்டுகள் இருந்தன. இரண்டுமே தொளதொளவென்றிருந்தன. தோள்மூட்டு சரியாக அமைந்துவிட்டால் மற்றதை வீட்டிலேயே அளவாக்கலாம். சேட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பி அணிந்து, வீட்டிலுள்ள ஒருவரைக் கொண்டு இரு பக்கமும் சமமாகக் குண்டூசி குத்துவியுங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழிருந்து விளிம்புவரை முதலில் கையால் நூலோடிப் போட்டுப் பாருங்கள். பிறகு மெசினில் தையுங்கள். தோளே இறங்கியிருந்தால் தையற்காரரிடம் கொடுப்பதுதான் புத்தி. கைக்குழி நமக்கு ஆகாத வேலை.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். உள்ளே நிற்கும் மிகுதித் துணியை வெட்டக்கூடாது. இப்போது கடைகளில் வெட்டி எறிந்து ஓவர்லொக் அடித்துத் தந்துவிடுகிறார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனால் அந்தச் சேட்டு பின்னர் வேறொருவருக்கு ஆகாது.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைக்காலத்தில் புதுத்துணி எங்களுக்கு எட்டவில்லை. அம்மா போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அப்பாவின் சேட்டுகளை எனக்குப் பிடித்துத் தைத்தார், கத்தரிக்கோலைத் தொடவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அவற்றில் ஒன்றைத்தான் அணிந்திருந்தேன். சாவகச்சேரியில் எங்களைத் தேடி வந்து சேர்ந்த அண்ணரிடம் மாற்றுடுப்பு இல்லை. அவர் என்னிலும் பருத்தவர். அம்மா அந்தச் சேட்டின் இரு பக்கத் தையல்களையும் பிரித்து அவரிடம் கொடுத்தார். 1996இல் வீடு திரும்பும்வரை அண்ணர் அதைத்தான் போட்டிருந்தார்.