வரைபடத்தில் நமக்கு ஏன் இடமில்லை?

தோட்டம் மூடப்படும்போது நம் மக்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "பிளாட் எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லையா?" எத்தனை அறை, சமையலறை எந்தப் பக்கம், கோயிலுக்கு இடம் உண்டா என்பதெல்லாம் மேம்பாட்டாளரின் அலுவலகத்தில் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். வீடு கேட்கும்போதே அதை வரையும் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புத்ராஜெயா நகருக்காக பெராங் புசார், கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டத்து மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடியேற்றப்பட்டார்கள். சுவர் வெடிப்பும் நீர்க்கசிவும் அவர்களைப் பல்லாண்டு அலைக்கழித்தன. தரை வீட்டுக் கோரிக்கை அவர்களின் பிள்ளைகள் காலம்வரை நீண்டது.

கட்டுமானம் தரமாக இருந்தாலும் வடிவம் பொருந்தாது. அடுக்குமாடியில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்கிறோம்? சவப்பெட்டி மின்தூக்கிக்குள் நுழையாது. சடங்குகளைக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டுச் செய்கிறோம். பொங்கல் பானைக்கு வாசல் இல்லை, பாட்டிக்குக் கீரைப் பாத்தி இல்லை. திட்டம் வரைந்தவர் கெட்டவர் அல்லர். அவர் நம்மிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் தரை வீடு கொடுக்க நிலம் எங்கே?" என்பார்கள். புக்கிட் ஜாலில் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2011-இல் வெளியேற்ற அறிக்கையை எதிர்த்து நின்ற 41 குடும்பங்கள் கேட்டது, எஞ்சியிருந்த 26 ஏக்கரில் 4 ஏக்கர். ஏக்கருக்குப் பத்து வீடு. சாதாரண வரிசை வீட்டுக்கே அது தாராளம். நிலம் உண்மையிலேயே குறைவான இடத்தில், வரிசை வீட்டுக்கும் வானுயர் மாடிக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. மூன்று, நான்கு மாடிகள், நடுவில் பொது முற்றம், முதியவர்களுக்குத் தரைத்தளம். மின்தூக்கி இல்லாவிட்டால் அதன் செலவும் இல்லை. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வகிப்புச் சட்டத்தின்படி பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காட்டைச் சேமநிதிக்கும் கட்ட வேண்டும். மாதாமாதம் அந்தப் பில்லைக் கட்டப்போகிறவர்தான் எத்தனை மாடி என்று சொல்லத் தகுதியானவர்.

இதற்கான சட்ட வடிவம் கூட்டுறவு. அது நமக்குப் புதிதல்ல. தோட்டத் துண்டாடலின்போது, 1960-இல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. ஆனால் 'கூட்டுறவு' என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் மயங்க வேண்டாம். பினாங்கு கம்போங் புவா பாலா நிலமும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கைக்குத்தான் போனது. அது அரசு ஊழியர்களின் சங்கம். 2009-இல் கிராமம் இடிக்கப்பட்டது. எனவே கேட்க வேண்டியது, உறுப்பினர் யார் என்பதை.

அண்டை நாட்டில் இது நடந்திருக்கிறது. தாய்லாந்து அரசு 2003-இல் தொடங்கிய 'பான் மன்கோங்' திட்டத்தில் கடன் தனிநபருக்கு அல்லாமல் குடியிருப்பாளர்களின் குழுவுக்குப் போகிறது. பேங்காக்கின் பாங் புவா கால்வாயோரத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் எனப்பட்டவர்கள் கூட்டுறவு அமைத்து, அரசு நிலத்துக்கு 30 ஆண்டுக் குத்தகை பெற்றார்கள். கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து தனி வீடு, இரட்டை வீடு, வரிசை வீடு என்று தாங்களே வகை பிரித்தார்கள். அவர்களும் கூலி வேலை பார்த்தவர்கள்தாம்.

இங்கே முதல் தடை சட்டத்தில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒரு மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் ஆட்சேபிக்கும் உரிமை பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு. அதே நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தொழிலாளி உரிமையாளர் அல்லர். அவருக்குக் கடிதம் வராது. இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். அதுவரை இன்னொரு கதவு திறந்திருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, நிலம் இல்லாதவரும் ஆட்சேபம் எழுதலாம். உங்கள் தோட்டம் அந்த வரைவில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று இந்த வாரமே ஊராட்சி மன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது எத்தனை குடும்பம், எத்தனை முதியவர், கோயில் எத்தனை அடி என்று எழுதிய தாள் ஒன்றும் கையில் இருக்கட்டும்.