பிரேசில் வழியாக வந்த தெய்வங்கள்

டோமி அடெயெமி அமெரிக்காவில் வளர்ந்த நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர். யொரூபா மக்களின் ஒரிஷா தெய்வங்களை அவர் கண்டுகொண்டதோ பிரேசிலின் சால்வடார் நகரில். இன்றும் வழிபாட்டில் இருக்கும் தெய்வங்களை இளையோருக்கான மாயாஜால நாவலுக்குள் இழுத்துவர அவருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஆனால் அந்தத் தெய்வங்கள் சால்வடாருக்குச் சுற்றுலா போகவில்லை. அடிமைக் கப்பல்களில் விலங்கோடு போன மக்களுடன் போய், கத்தோலிக்கப் புனிதர்களின் முகத்திரைக்குப் பின்னால் ஒளிந்து, கந்தோம்ப்ளே வழிபாடாகப் பிழைத்துக்கிடந்தன. கடல் கடந்து உருமாறுவது அவற்றுக்குப் பழகிப்போன ஒன்று.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமா? மாற்றலாம்தான், என் மனத்தாங்கல் மாற்றத்தின் மீதல்ல, அதன் ஒழுங்கின் மீது. யொரூபா மரபில் ஓயா என்ற தெய்வம் காற்றுக்கும் புயலுக்கும் அதிபதி, இறந்தவர்களோடும் உறவுள்ளவள். 2018இல் வந்த அடெயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ நாவலில் பாகப்பிரிவினை நடக்கிறது: வாழ்வும் சாவும் ஓயாவுக்கு, காற்று வேறொரு தெய்வத்துக்கு. நாயகி ஸேலி, ஓயாவின் குலத்தவள், யொரூபா மந்திரம் சொல்லி இறந்தோரின் ஆவிகளை எழுப்பும் பக்கங்களில் பழைய தெய்வம் உண்மையாகவே மூச்சுவிடுகிறது. பத்துக் குலம், பத்துத் தெய்வம் என்ற பட்டியல்தான் கணக்கப்பிள்ளை வேலை. முச்சந்தியில் நின்று வழியைக் குழப்பும் எஷு என்ற தெய்வத்துக்கு அதில் ஒரு குலம்கூட இல்லை. எந்த வரிசைக்கும் அடங்காதவனுக்கு அங்கே எப்படி இடம் கிடைக்கும்?