வேரடியில் ஓர் இரும்புப் போர்

நம் மாவட்டத்தில் நிலக்கடலை பயிரிடும் உழவர் பலருக்குச் 'சூடோமோனாஸ்' என்ற சொல் இன்று புதியதன்று. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, கிலோ விதைக்குப் பத்துக் கிராம் வீதம் அந்தப் பொடியைக் கலந்து விதைக்கிறார்கள். வேரழுகல் குறைகிறது. ஏன் குறைகிறது? நல்ல கிருமி கெட்ட கிருமியைத் தின்றுவிடுகிறது என்பதே ஊரில் வழங்கும் விளக்கம். தின்பதில்லை நண்பர்களே, பட்டினி போடுகிறது!

செம்மண்ணுக்குச் செந்நிறம் தந்ததே இரும்புதான். ஆயினும் அது துருவாக உறைந்து கிடக்கிறது. அமிலமோ காரமோ அல்லாத மண்ணில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் இரும்பு ஏறத்தாழ 10-இன் அடுக்கு -18 மோல். பாக்டீரியா வளரத் தேவையோ அடுக்கு -6. குதிர் நிறைய நெல்லிருந்தும் சாவி இல்லாத வீட்டின் நிலை இது. ஆகவே சூடோமோனாஸ், பயோவெர்டின் என்னும் மஞ்சள் கலந்த பச்சைப் பொருளை வெளியே சுரந்து இரும்பைக் கவ்விக்கொள்கிறது. நோய்ப் பூஞ்சைகளும் இவ்வாறு சுரப்பவைதாம். ஆனால் அவற்றின் பிடி இவ்வளவு இறுக்கமில்லை.

கவ்வியதை உள்ளே கொண்டுவர வேண்டுமே! வெளிச்சவ்வின் சாதாரணத் துளைகளில் ஏறத்தாழ 600 டால்டனுக்கு மேற்பட்ட பொருள் நுழையாது. இரும்பேந்திய பயோவெர்டினோ 1300-ஐத் தாண்டும். அதற்கென்றே வெளிச்சவ்வில் தனிப் புரதங்கள் வாயிலாக அமைந்துள்ளன. அவற்றைத் திறக்க உட்சவ்விலிருந்து டான்-பி என்ற புரதம் ஆற்றல் தருகிறது. வியப்பு என்னவெனில், இந்த வாயில்கள் எந்நேரமும் இருப்பதில்லை. செல்லுக்குள் இரும்பு போதிய அளவு இருந்தால், 'ஃபர்' என்ற புரதம் அந்த இரும்பையே ஏந்திச் சென்று டி.என்.ஏ. மீது அமர்ந்து சுரப்பையும் வாயிலையும் நிறுத்திவிடுகிறது. இரும்பு குறைந்தால் அது விலக, வாயில்கள் மீண்டும் எழுகின்றன. ஹாலந்தில் உருளைக்கிழங்கு வேரில் கிடைத்த ஓர் இனம் இன்னும் சாமர்த்தியசாலி. பிறர் சுரந்ததைத் திருடுவதற்கென்றே 'பப்-பி' என்ற வாயிலை வைத்திருக்கிறது. அயலாரின் பொருள் அருகில் வந்தால்தான் அதைக் கட்டும்!

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கடலை மஞ்சளித்தால் அன்னபேதி உப்பு இடுகிறோம். அன்னபேதி என்பது இரும்புதானே? 1980-இல் கலிஃபோர்னியாவில் க்ளோப்பர் முதலானோர், நோயை அடக்கிவந்த மண்ணில் இரும்பைச் சேர்த்ததும் அம்மண் நோய்க்கு இடங்கொடுத்ததைக் காட்டினார்கள். அப்படியானால் ஒரு கையால் படையை இறக்கி, மறு கையால் அதன் ஆயுதத்தைக் கீழே போடச் சொல்கிறோமா?

சூடோமோனாசுக்கு வேறு ஆயுதங்களும் உண்டே என்று பேராசிரியர்கள் கேட்கலாம். உண்மை. நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரக்கிறது, செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. சுண்ணாம்பு மண்ணில் இட்ட அன்னபேதி விரைவில் துருவாகிவிடும் என்பதும் சரியே. இருந்தாலும், பொடி கலந்த நிலத்தில் அன்னபேதியை மண்ணில் இடாமல் இலையில் தெளிப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து. செடிக்கு இரும்பு கிடைக்கும். வேரடியில் பஞ்சமும் நீடிக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இதையெல்லாம் தந்தையாரிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அன்னபேதி போடலாமா, கூடாதா?" என்றார். தேர்வுத்தாளில் வெளிச்சவ்வை ஒரு கோடாக வரைந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். அவர் கேள்விக்கு அந்தக் கோடு போதாது. நம் மண்ணிலேயே செய்து பார்த்த விடைதான் வேண்டும்.

தாவரவியல் துறைக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. கல்லூரி வளாகத்தில் நான்கு பாத்தி போதும். நான்கிலும் பொடி கலந்த விதை. இரண்டில் அன்னபேதி மண்ணில், இரண்டில் இலையில். வாடிய செடிகளை எண்ண விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வரும் ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலையை எங்கள் வீட்டிலிருந்து நானே கொண்டுவருகிறேன்.