இணையச் சந்தையில் திறந்த கடையை முறையாக மூடுதல்

(ஓர் உதவி விவசாய உத்தியோகஸ்தர் எழுதுவது)

வாய்க்கால் மடையைத் திறந்து நீர் பாய்ச்சத் தெரிந்த குடியானவர் எவரும், வயல் நிரம்பிய பின் அதனை அடைக்காமல் வீடு திரும்புவதில்லை. திறப்பது பாதி வேலை. அடைப்பது மறு பாதி. ஆனால் விளைபொருளை விற்கும் விஷயத்தில் நம்மில் பலர் இவ்வுண்மையை மறந்து விடுகின்றனர். இணையச் சந்தையில் விற்பனைக் கணக்கு ஒன்றைத் திறந்து, சில காலம் வியாபாரம் செய்து, லாபம் போதாமையாலோ வேறு காரணத்தாலோ கைவிட்டவர்கள், அதனை முறைப்படி மூடாமல் விட்டு விடுவதைச் சுற்றுப்பயணங்களில் அடிக்கடி காண்கிறேன். இதனால் விளையும் நஷ்டத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் மண்டிகளும் சந்தைகளும் அடைபட்டுக் கிடந்தபோது, குடியானவர்கள் தங்கள் பொருளை நேரே வாங்குவோருக்கு அனுப்புதல் நலம் என்று எங்கும் பேசப்பட்டது. மஞ்சள் பொடி, நாட்டுச் சர்க்கரை, தேன், பாரம்பரிய அரிசி ஆகியவற்றை அமேசான், பிளிப்கார்ட் முதலிய சந்தைகளில் விற்பதற்குப் பலர் கணக்குத் திறந்தனர். அவ்விதம் செய்யத் தூண்டியவர்களில் நானும் ஒருவன். அதற்காக வருந்தவில்லை, நல்ல பலன் அடைந்தோரும் உண்டு. ஆனால் அத்தூண்டுதலில் ஒரு குறை இருந்தது. அதனை எனக்கு உணர்த்தியவர் ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்த ஒரு மஞ்சள் சாகுபடியாளர்.

அவர் 2021-இல் என் யோசனைப்படி கணக்குத் திறந்து, சொந்த நிலத்து மஞ்சளைப் பொடித்து அரைக் கிலோப் பொட்டலங்களாக விற்றார். முதல் ஆண்டு ஒருவாறு நடந்தது. இரண்டாம் ஆண்டில் சந்தைக் கட்டணம், அனுப்பும் செலவு, உடைந்து திரும்பிய பொட்டலங்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்க்கையில், மஞ்சளைக் கிழங்காகவே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் விட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட அதிகம் மிஞ்சவில்லை. 2023-இல் கைபேசியிலிருந்த செயலியை நீக்கி விட்டு, கடை மூடப்பட்டு விட்டது என்று நிம்மதியாக இருந்தார்.

கடையோ மூடப்படவில்லை. சந்தையின் கிடங்கில் அறுபது பொட்டலங்கள் தங்கி, உபயோகக் கெடு கழிந்து வீணாயின. வீட்டிலிருந்தே அனுப்புவதாக அவர் முன்பு பதிந்து வைத்திருந்த வேறொரு பொட்டலத்துக்கு ஏழு உத்தரவுகள் வந்து, அனுப்புவாரின்றி ரத்தாகி, வாங்கியவர்களின் புகார்கள் அவர் பெயரில் ஏறின. இதற்கிடையில் பழைய பாங்கிக் கணக்கை அவர் முடித்து விட்டமையால், வரவேண்டிய ரூ.8,400 போய்ச் சேர இடமின்றித் திரும்பி விட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு அவர் பெயரில் உயிரோடு இருந்தது. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் “ஒன்றுமில்லை” என்று 3-பி நமூனாவில் கணக்கறிக்கை கொடுத்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.20 வீதம், அறிக்கை ஒன்றுக்கு ரூ.500 வரை தாமதக் கட்டணம் உண்டு. கெடு தாண்டிய ஒன்பது அறிக்கைகளுக்கு ரூ.4,500 செலுத்தினார். ஒரு பிடி மஞ்சளும் விற்காத காலத்துக்கு இத்தண்டம்!

இவ்வளவையும் சொல்லி முடித்த பின், “ஐயா, கடையைத் திறக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தீர்கள், மூடும் வழியைச் சொல்லவில்லையே!” என்றார். அவருக்கு அன்று நான் கொடுத்திருக்க வேண்டிய விடையையே இப்போது எழுதுகிறேன்.

முதலாவதாக, மூடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. “இன்னார் கடையை மூடி விட்டார்” என்று ஊரார் பேசுவார்களே என அஞ்சி, மாதந்தோறும் நஷ்டத்தைத் தாங்கிக் கொண்டிருப்போர் உளர். பலன் தராத பயிரை மாற்றுவது விவேகம் என்று ஒப்புக் கொள்ளும் நாம், பலன் தராத விற்பனை முறையை மாற்றுவதை மட்டும் தோல்வி என்று கருதுவானேன்? “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்னும் பழமொழியைச் சொல்லிக் கணக்கையே பாராதிருப்போரும் உண்டு. வியாபாரத்தில் கணக்குப் பாராதவருக்கு உழக்கு மிஞ்சாதது மட்டுமல்ல, பாக்கியும் ஏறும் என்பதை அறிதல் வேண்டும்.

இரண்டாவதாக, அவசரப்பட்டு மூடவும் வேண்டாம். சரக்குத் தீர்ந்து அடுத்த மகசூல் வரும் வரையில் மட்டும் விற்க இயலாதென்றால், பொருள்களைப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக இறக்கியோ, விடுமுறை நிலையில் வைத்தோ காத்திருக்கலாம். நிரந்தரமாக முடித்த கணக்கு மீண்டும் உயிர் பெறாது. அதில் சேர்ந்த நற்பெயரும், வாங்கினோர் எழுதிய மதிப்புரைகளும் அதனோடு போய்விடும். ஆகையால் ஓர் ஆண்டின் விற்பனையை எடுத்துக் கொண்டு, சந்தைக் கட்டணம், அனுப்பும் செலவு, பொட்டலச் செலவு, திரும்பிய சரக்கின் நஷ்டம், வரி, ஆடிட்டர் கூலி, வீட்டார் உழைப்பு ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சியதை விற்பனைக் கூட விலையோடு ஒப்பிட வேண்டும். உழைப்பின் கூலியைக் கழிக்க மறப்பதே நம்மவரின் வழக்கமான பிழை. அக்கூலியையும் கழித்த பிறகு மிச்சம் குறைவாயின், மூடத் தீர்மானிப்பதே நலம்.

தீர்மானித்த பின் வேலைகளைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்வது உத்தமம்.

(1) எல்லாப் பொருள்களையும் விற்பனைப் பட்டியலிலிருந்து இறக்கி விடுக. புது உத்தரவு வரும் வழியை அடைத்த பிறகே மற்ற வேலை.

(2) முன்பே வந்த உத்தரவுகளை நிறைவேற்றுக. திரும்பும் சரக்குக்கும் வாங்கினோரின் முறையீட்டுக்கும் உரிய கெடு கழியும் வரையில் கணக்கைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். முடித்த பின் முறையீடு வந்தால் விடை கூறும் வாசல் நமக்கு இராது.

(3) சந்தையின் கிடங்கில் சரக்கு இருந்தால் அதனைத் திருப்பியனுப்பக் கோருக. இதற்குக் கட்டணம் உண்டு. எனினும் தங்கும் சரக்குக்குக் கிடங்கு வாடகை ஏறுவதை விட இது மேல். உண்பொருளாயின் உபயோகக் கெடு கழியுமுன் கோருதல் அவசியம்.

(4) பற்று வரவைப் பைசல் செய்க. நாம் கொடுக்க வேண்டிய கட்டண பாக்கியைத் தீர்த்து, நமக்கு வரவேண்டிய தொகை பாங்கியில் வந்து சேர்ந்ததை நேரில் கண்ட பிறகே மேலே செல்லுக. எதிர்பாராத முறையீடுகளுக்கென்று சந்தைகள் கடைசித் தொகையைச் சில வாரம் நிறுத்தி வைப்பதுண்டு. அதுவரையில் பாங்கிக் கணக்கையோ, பதிந்துள்ள கைபேசி எண்ணையோ, மின்னஞ்சலையோ மாற்றலாகாது.

(5) தஸ்தாவேஜுகளைப் பத்திரப்படுத்துக. விற்பனைச் சீட்டுகள், கட்டண ரசீதுகள், மாதாந்திர வரி விவரங்கள் எல்லாவற்றையும் இறக்கி, அச்சிட்டு ஒரு கட்டாகவும், வேறொரு பிரதியாகவும் வைத்துக் கொள்க. கணக்கு முடிந்த பின் இவற்றைச் சந்தையினிடமிருந்து பெறுவது அரிது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமோ, அவ்வாண்டின் வருடாந்தர அறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்கக் கட்டளையிடுகிறது.

(6) இவையெல்லாம் முடிந்த பின், நிரந்தரமாக முடிக்குமாறு சந்தைக்குக் கோரிக்கை செய்க. அமேசானில் விற்போர் பக்கத்தின் கணக்கு விவரப் பகுதியிலேயே இதற்கு இடம் உண்டு. வேறு சிலவற்றில் விற்போர் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். முடிந்ததாக வரும் பதிலை அச்சிட்டு மேற்கண்ட கட்டோடு சேர்க்க. செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவது, கடைப் பலகையைக் கழற்றி வீட்டில் வைப்பதற்கு ஒப்பானதேயன்றிக் கடையை மூடுவதாகாது. நான் மேலே சொன்ன நண்பர் ஏமாந்தது இவ்விடத்தில்தான்.

(7) கடைசியாக சர்க்காருக்குத் தெரிவிக்க. வேறு வியாபாரம் இல்லையாயின், வரிப் பதிவை ரத்துச் செய்ய ஆர்.இ.ஜி.-16 நமூனாவில் விண்ணப்பித்து, ரத்தான நாள், ரத்து உத்தரவின் நாள் இவற்றுள் பிந்தியதிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்னும் இறுதி அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கையிருப்புச் சரக்கின் மீது முன்பு கழித்துக் கொண்ட வரி இருந்தால் அதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். சந்தையார் நம் பெயரில் பிடித்துச் செலுத்திய வரி (2024 ஜூலை 10 முதல் நூற்றுக்கு அரை வீதம்) நம்முடைய மின்னணு ரொக்கப் பேரேட்டில் மிச்சமிருந்தால் திரும்பக் கோரலாம். இதனை விட்டு விடுவோர் பலர். பொடித்து விற்பதற்கெனப் பெற்ற உணவுப் பாதுகாப்புப் பதிவையோ உரிமத்தையோ ஒப்படைப்பதும் இத்தருணத்திலேயே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. உபயோகமற்றுக் கிடக்கும் விற்பனைக் கணக்கை விலைக்கோ வாடகைக்கோ கேட்டு வருவோர் உளர். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு அதனைக் கொடுத்தால், அவர்கள் விற்கும் போலிச் சரக்குக்கும், செலுத்தாத வரிக்கும் பெயர் கொடுத்தவரே பதில் சொல்ல நேரும். தம் கைநாட்டு வைத்த வெற்றுப் பத்திரத்தை அந்நியர் கையில் எவரேனும் கொடுப்பாரோ? அது போலவே, “உங்கள் கணக்கை முடித்துத் தருகிறோம்” என்று தொலைபேசியில் அழைத்து ஓ.டி.பி. எண்ணைக் கேட்போரிடம் அதனைக் கூறலாகாது. ஏமாந்து பணம் இழந்தவர்கள் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டனார் இறந்து இரண்டு தலைமுறை ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே நிற்கும் குடும்பங்களைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அதனால் எழும் வில்லங்கங்களையும் அறிவீர்கள். இனி வரும் காலத்தில் விற்பனைக் கணக்குகளும் அவ்விதமே இறந்தவர் பெயரில் நிற்கும். தகப்பனார் பெயரில் கணக்கு, பட்டணத்திலிருக்கும் மருமகன் கையில் கடவுச்சொல், யார் பெயரில் பாக்கி என்று ஒருவருக்கும் தெரியாது என்னும் நிலை இப்போதே உண்டு. வாரிசு விசாரணைக்குச் செல்லும்போது, “காலமானவர் பெயரில் இணையச் சந்தைக் கணக்கோ வரிப் பதிவோ உண்டா?” என்று ஒரு கேள்வி கேட்பின், அக்குடும்பத்துக்குப் பேருதவியாகும். நிலச் சொந்தக்காரர்களும் கணக்கின் பெயர், பதிந்த எண், பாங்கி விவரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பட்டா, கிரயப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்தல் நலம். கடவுச்சொல் நம்பத்தக்க ஒருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவாக என் அபிப்பிராயம் இது. விற்பனைக் கணக்குத் திறக்கக் கற்றுக் கொடுக்கும் எந்தப் பயிற்சியும், அன்றைய தினமே அதனை மூடவும் கற்றுக் கொடுக்காவிட்டால் குறையுடைய பயிற்சியேயாகும். விதைக்கச் சொல்லி விட்டு அறுக்கும் பக்குவத்தைச் சொல்லாதவன் நல்ல ஆசான் ஆகான். எத்தனை கணக்குகள் திறக்கப்பட்டன என்று நாங்கள் எண்ணிக்கை எழுதி அனுப்புகிறோம். எத்தனை கணக்குகள் குடியானவருக்கு நஷ்டமின்றி முடிக்கப்பட்டன என்பதையும் எண்ணத் தொடங்குவோமானால், எங்கள் வேலையின் உண்மையான பலன் அப்போதுதான் தெரியவரும். என் வட்டத்தில் இவ்வழக்கத்தை நான் ஆரம்பித்து விட்டேன். முடிக்கும் வழி தெரியாமல் கணக்கைக் கிடப்பில் போட்டிருக்கும் குடியானவர்கள் அடுத்த பருவ வேலை தொடங்குமுன் தங்கள் கட்டுகளோடு அருகிலுள்ள விரிவாக்க மையத்துக்கு வந்து, எங்களுக்கும் கற்பிக்குமாறு கேட்டுக் கொள்ளுகிறேன்.