செயின் ஷாவுக்கு எந்த ஆயில்? விலை குறைஞ்சது ஓகே, வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம்!



எஸ்ஐபி, பிஎஃப், டேர்ம் இன்ஷூரன்ஸ் பற்றி எவ்வளவோ பேசிட்டோம். இன்னைக்கு மரம் அறுக்குற மிஷினுக்கு ஊத்துற ஆயிலைப் பற்றிப் பேசுவோம். "இதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்பீங்க. இருக்கு.

2018 நவம்பர் கஜா புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் செயின் ஷா எவ்வளவு பெரிய உதவின்னு ஊர்க்காரங்களுக்குத் தெரியும். இப்போ ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே 58 சிசி மிஷின் கிடைக்குது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கிட்டு, இஎம்ஐ போட்டு ஊருக்கு ஒண்ணு வாங்கி அனுப்பின பசங்க நம்ம சேனல் பார்க்கிறவங்கள்லயும் இருப்பீங்க.

மிஷின் வாங்கினது நீங்க. ஆனா அதுக்கு ஆயில் ஊத்துறது அப்பா. அவர் எங்கே சிக்கனம் பார்ப்பார்? பைக் மெக்கானிக் ஷெட்டில் வடிச்சு வெச்ச கறுப்பு வேஸ்ட் ஆயில்தான். "எப்படியும் கீழே சிந்தப் போற ஆயில்தானே, இதுக்குப் போய் நல்ல ஆயில் எதுக்கு?"ன்னு கேட்பார்.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். காஸ்ட்லி பிராண்டு தேவையில்லை. ஆனா வேஸ்ட் ஆயில் கூடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் உண்மையான சேமிப்பு.

ஆயில் எங்கே போகுது?

செயின் ஷாவில் இரண்டு மூடி இருக்கும். ஒண்ணு, 2டி ஆயில் கலந்த பெட்ரோலுக்கு. இன்னொண்ணு, பாருக்கும் செயினுக்கும் போற ஆயிலுக்கு. இரண்டும் வேற வேற. 2டி ஆயிலை இரண்டாவது டேங்கில் ஊத்தாதீங்க. அது பெட்ரோலோட கலந்து எரியறதுக்குச் செஞ்சது, செயினில் ஒட்டி நிக்காது. அதேபோல, ஆன்லைனில் தேடினா பைக் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் சேர்ந்து வரும். அதுவும் இதுக்கு ஆகாது.

பைக் இன்ஜின் ஆயில் உள்ளேயே சுத்திச் சுத்தி வரும். பார் ஆயில் அப்படி இல்லை. பம்ப் கொஞ்சம் கொஞ்சமா விடும், செயின் அதை இழுத்துக்கிட்டு ஓடும், கடைசியில் மரத்தூள்லயும் மண்ணுலயும் போய் விழும். நீங்க ஊத்துற ஒவ்வொரு சொட்டும் வெளியேதான் போகுது. அப்பாவோட கையிலயும் சட்டையிலயும் தெறிக்குது. மீதி உங்க தோப்பு மண்ணுல, கிணத்து ஓரத்துல.

அப்பா சொல்ற "எப்படியும் சிந்துது" உண்மைதான். சிந்துறதுனாலதான் என்ன ஆயில் என்பது முக்கியம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கீழே வர்ற விலையெல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே பாருங்க.

ஆயில் டேங்க் 260 மில்லி பிடிக்குதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை நிரப்பினா சுமார் 1 லிட்டர். வருஷத்துக்கு 5 நாள் வேலைன்னா 5 லிட்டர்.

- பெரிய பிராண்டு, லிட்டர் 500 ரூபாய்: வருஷத்துக்கு 2,500
- சாதாரண பார் ஆயில், லிட்டர் 250 ரூபாய்: வருஷத்துக்கு 1,250
- வேஸ்ட் ஆயில், லிட்டர் 40 ரூபாய்: வருஷத்துக்கு 200

வேஸ்ட் ஆயிலில் அப்பா மிச்சம் பிடிக்கிறது வருஷத்துக்கு 1,050 ரூபாய். மாசத்துக்கு 90 ரூபாய்கூட இல்லை. நீங்க பார்க்காமலே கட்டிக்கிட்டு இருக்கிற ஏதோ ஒரு ஓடிடி சந்தா இதைவிட அதிகம்.

அந்த 90 ரூபாய்க்கு எதை விலையா கொடுக்கிறோம்? வேஸ்ட் ஆயிலில் இன்ஜின் தேய்மானத்தில் வந்த உலோகத் துகள், கரி, எரியாத எரிபொருள் எல்லாம் கலந்திருக்கும். அது ஆயில் பம்பையும் பார் ஓரத்தில் இருக்கிற துளையையும் அடைக்கும். ஆயில் போகலைன்னா பார் சூடாகி நீலம் பாஞ்சிடும், செயின் தேயும். ஒரே ஒரு பார்-செயின் செட் சீக்கிரம் போனாலே மிச்சம் பிடிச்ச காசு போயிடும்.

அதைவிடப் பெருசு உடம்பு. பழைய இன்ஜின் ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் பட்டா தோல் புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கு. ஸ்டில், ஹஸ்க்வர்னா மாதிரி கம்பெனிகள் தங்கள் கையேட்டிலேயே வேஸ்ட் ஆயில் ஊத்தக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. நம்ம நாட்டுச் சட்டத்திலும், 2016ஆம் வருஷ அபாயகரக் கழிவு விதிகளில், பயன்படுத்திய ஆயில் வருது. மண்ணுல ஊத்திவிடற பொருள் இல்லை அது. அப்பாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிக்கிட்டே, கூடவே இதையும் அவர் கையில் கொடுக்கிறது என்ன கணக்குங்க?

அப்போ எதை வாங்கலாம்?

1. சாதாரண பார் ஆயில். இதில் ஒட்டும் தன்மைக்கு ஒரு பொருள் சேர்த்திருப்பாங்க. செயின் வேகமாச் சுத்தும்போது சிதறாம பார் நுனி வரைக்கும் போகும். எப்பவாவது அறுக்கிற வீட்டுக்கு விலை குறைஞ்ச பிராண்டே போதும். 1 லிட்டர் பாட்டிலையும் 5 லிட்டர் கேனையும் லிட்டர் கணக்கில் ஒப்பிட்டு வாங்குங்க. மூடி போட்டு நிழலில் வெச்சா அடுத்த வருஷமும் ஆகும்.

2. கிடைக்கலைன்னா, புது இன்ஜின் ஆயில். நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 மாதிரி கொஞ்சம் கெட்டியானது. ஒட்டும் தன்மை கம்மி, அதனால சிதறும், செலவாகும். அவசரத்துக்கு ஓகே, வழக்கமா வேண்டாம்.

3. கிணத்துப் பக்கம், காய்கறிப் பாத்தி பக்கம் அறுக்கிறீங்கன்னா, புது சமையல் எண்ணெய். மண்ணுல மக்கிடும். ஆஸ்திரியாவில் 1990களிலேயே செயின் ஷாவுக்கு மக்காத ஆயிலைத் தடை செஞ்சுட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை: வேலை முடிஞ்ச அன்னைக்கே டேங்கை வடிச்சிடணும். மாசக்கணக்கில் விட்டா பிசின் மாதிரி இறுகி பம்பை அடைச்சிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைஞ்சிடும்.

காசு செலவில்லாத சேமிப்பு

ஆயில் செலவைக் குறைக்க ஆயிலை மாத்த வேண்டியதில்லை. செயினைத் தீட்டி வெச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. துருவல் துருவலா வந்தா செயின் கூர்மையா இருக்கு. மாவு மாதிரி தூள் வந்தா மழுங்கிடுச்சு. மழுங்கின செயின் சூடாகும், பெட்ரோலையும் குடிக்கும்.

வேலை தொடங்கும் முன்னே பார் நுனியை ஒரு அட்டைக்கு நேரா, படாம பிடிச்சு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்க. அட்டையில் ஆயில் கோடு விழணும். விழலைன்னா பாரைக் கழட்டி பள்ளத்தையும் துளையையும் சுத்தம் பண்ணுங்க. பல மிஷின்களில் ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்க்ரூவும் இருக்கும். காய்ஞ்ச கருவேலம் மாதிரி கட்டை மரத்துக்குக் கொஞ்சம் கூட்டி வைங்க. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் ஆயிலையும் நிரப்பிடுங்க.

வருஷத்துக்கு ஒரு நாள் வேலைதான்னா, மிஷினே வாங்காதீங்க. மிஷின் வெச்சிருக்கிறவரைக் கூப்பிட்டு, நாள் கூலி கொடுத்து முடிச்சிடலாம்.

ஏற்கெனவே வாங்கியாச்சா? இந்த மாசச் சம்பளத்தில் ஒரு கேன் பார் ஆயிலை ஊர் முகவரிக்கு ஆர்டர் போட்டுடுங்க. "வேஸ்ட் ஆயில் ஊத்தாதீங்கப்பா"ன்னு போனில் பத்துத் தடவை சொன்னாலும் அப்பா கேட்க மாட்டார். ஆனா வீட்டுக்கு வந்து இறங்கின கேனை வீணாக்க அவருக்கு மனசு வராது. நம்ம அப்பாக்களைப் பற்றி நமக்குத் தெரியாதா?